செயற்குறி பணிமிகுப்பு (எண்முறைக் கணிப்பில்)

நிரலர் தாமே வரையறுத்த தரவினத்துக்கும் கூட்டல், பெருக்கல் போன்ற குறிகளும் சைன், வர்க்கமூலம் போன்ற செயற்கூறுகளும் பொருந்தும்படி புதிய பொருள் வழங்கும் வசதி. அல்கால் 68, ஃபோர்ட்ரான் 90, சி++, பைத்தான், ஜூலியா ஆகிய மொழிகளில் இது உண்டு. ஜாவாவில் நிரலர் குறிகளுக்குப் புதுப்பொருள் தர இயலாது.

இதன் மிக அழகிய பயன் தானியங்கு வகையிடல். இதற்கான தரவினமான இருமை எண், ஒரு மதிப்பையும் அதன் வகைக்கெழுவையும் சோடியாகச் சுமக்கும். பெருக்கற்குறிக்குப் பெருக்கல் விதியையும், சைனுக்குச் சங்கிலி விதியையும் ஒருமுறை எழுதிவிட்டால் போதும். (3, 1) என்ற சோடியை அதனாலேயே பெருக்கினால் (9, 6) கிடைக்கும்: 3-இன் வர்க்கம் 9, அப்புள்ளியில் வகைக்கெழு 6. தரவினத்தை இறுக்கிக் கட்டாத பழைய நிரல் ஒரு வரிகூட மாறாமல் வகைக்கெழுவையும் தந்துவிடுகிறது. வகைக்கெழுவைத் தோராயமாகக் கணிக்கும் வேறுபாட்டு வாய்பாட்டில் நேரும் துண்டிப்புப் பிழை இங்கே இல்லை. எஞ்சுவது மிதவைப்புள்ளியின் முழுமையாக்கப் பிழை மட்டுமே.

குறிகளின் முன்னுரிமை பல மொழிகளில் மாறாது என்பதை மறக்கலாகாது. சி++ மொழியில் '^' குறியை அடுக்கேற்றத்துக்கு வைத்தால், கூட்டல் அதற்கு முன்பே நடந்து விடை பிழையாகும். இதைத் தவிர்ப்பதே நன்று. பைத்தானின் 'மேத்' தொகுதியிலுள்ள சைன் இருமை எண்ணை ஏற்காது. தனிச் செயற்கூறு எழுத வேண்டும். பெரிய அணிகளைச் சங்கிலியாகக் கூட்டும்போது ஒவ்வொரு குறியும் ஓர் இடைக்கால அணியை உருவாக்கி நினைவகத்தை விழுங்கும். சில சி++ நூலகங்கள், முழுக் கோவையையும் ஒரே சுற்றில் கணிக்கும் கோவை வார்ப்புருக்களால் இதைத் தவிர்க்கின்றன.