ரங்கூன் ருசி சென்னைக்கு வந்த கதை

அம்பத்தூரிலும் ஆவடியிலும் மாலை ஆறு மணிக்கு மேல் 'பர்மா அத்தோ' என்று போர்டு மாட்டிய தள்ளுவண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பக்கத்தில் பெரிய பாத்திரத்தில் கொதிக்கும் வாழைத்தண்டு சூப். சுற்றி நின்று சாப்பிடும் பையன்களில் பாதிப்பேர் இதைச் சைனீஸ் ஐட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். எப்படி வந்தது, வரும் வழியில் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தது என்பதை நாம் எழுதி வைக்காவிட்டால் இனி யாரும் எழுதப்போவதில்லை.

முதலில் பெயர். பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் கையால் பிசைந்து கலந்தது என்று பொருள். கடைசி எழுத்தை அவர்கள் தொண்டைக்குள்ளேயே விழுங்கிவிடுவார்கள். நம் காதில் அது 'அத்தோ' என்று விழுந்தது. மேலே நொறுக்கிப் போடுகிறார்களே 'பேஜோ', அதுவும் பர்மியச் சொல்தான். 'பே' என்றால் பருப்பு, 'ஜோ' என்றால் பொரித்தது. நம் பருப்பு வடைக்குத் தூரத்து உறவு.

இந்த உறவு சும்மா வரவில்லை. 1852-ல் கீழ் பர்மாவும் 1885-ல் மேல் பர்மாவும் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு, சென்னை மாகாணத்திலிருந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் ரங்கூனுக்குப் போனார்கள். நெல் அறுக்க, மூட்டை தூக்க, ஆலையில் வேலை செய்ய, கடை வைக்க என்று பல பிழைப்பு. நகரத்தார் ஐராவதி டெல்டாவில் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் போகவே, கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் கையில் வந்து சேர்ந்தது. அந்தக் கோபம் பின்னால் எல்லா இந்தியர் தலையிலும் விடிந்தது. 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இருந்த இந்தியர் 10 லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான்.

அப்போது சரக்குக்குப் பஞ்சம் கிடையாது. சென்னைக்கும் ரங்கூனுக்கும் கப்பல் ஓடியது. இங்கிருந்து போனவர்கள் பழகிய சாப்பாட்டை அங்கே சாப்பிட்டார்கள். பர்மியர்களும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ரங்கூன் தெருக்களில் நம் தோசை 'தோஷே' என்ற பெயரிலும், பரோட்டா 'பலாத்தா' என்ற பெயரிலும் விற்கிறது. சமோசாவைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்து அதற்கு 'சமூசா தோக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அங்கிருந்து தேக்கும் அரிசியும் வந்தன. போருக்கு முன் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. அதில் பெரும்பங்கு இந்தியாவுக்குத்தான். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் இங்கே அரிசிக்கு வந்த தட்டுப்பாட்டைப் பற்றி நம் அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருப்போம்.

1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த சில மாதங்களில் ஏறக்குறைய 5 லட்சம் பேர் இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். பெரும்பாலோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலை வழியாகவும் நடந்தே வந்தார்கள். பசியிலும் காய்ச்சலிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்துப்போனார்கள். போர் முடிந்ததும் ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். வீடும் கடையும் அங்கேதானே இருந்தன!

இரண்டாவது அடி 1962 மார்ச்சில் விழுந்தது. ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் மே மாதத்தில் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரே வருஷத்தில் கடையும் போய், கையிலிருந்த காசும் போய்விட்டது. நகை நட்டு கொண்டுவரவும் கெடுபிடி. கிடைத்த கப்பலில் ஏறி வந்தார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்தவர்கள் ஒன்றரை லட்சத்தை ஒட்டி இருக்கும்.

அரசாங்கக் காகிதத்தில் இவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அந்தப் பெயரில்தான் சிக்கல். வந்தவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். சிலருக்கு அப்பாவும் தாத்தாவும்கூட அங்கே பிறந்தவர்கள். திரும்பி வருவதற்கு ஒரு தடவையாவது இங்கே இருந்திருக்க வேண்டாமா? அவர்களுக்குப் பழகிய நாக்கு ரங்கூன் நாக்கு. அந்த நாக்கோடு சென்னை மார்க்கெட்டில் சாமான் தேடினார்கள்.

மொஹிங்காவை எடுத்துக்கொள்வோம். பர்மாவில் காலைப் பலகாரம் என்றால் அதுதான். அரிசி நூடுல்ஸ் மேல் கெட்டியான மீன் குழம்பு ஊற்றித் தருவார்கள். கெளுத்தி வகை ஆற்று மீன், வெங்காயம், பூண்டு, இஞ்சி, வாழைத்தண்டு, குழம்பு கெட்டிப்பட கடலை மாவு அல்லது வறுத்து அரைத்த அரிசி. இவ்வளவும் நம் கடைத்தெருவில் கிடைக்கும். வாழைத்தண்டைத் தேடவே வேண்டாம். கிடைக்காதவை இரண்டு மூன்று. ஒன்று எலுமிச்சைப்புல். எண்ணெய் எடுப்பதற்காகக் கேரளத்தில் பயிரிடுவார்கள், நம் காய்கறிக் கடையில் அந்தக் காலத்தில் யார் வைத்திருந்தார்கள்? இன்னொன்று மீனைப் புளிக்கவைத்து எடுக்கும் சாறு. எல்லாவற்றுக்கும் மேலாக ஙப்பி. 'ங' என்றால் மீன், 'பி' என்றால் அழுத்தியது. மீனையோ இறாலையோ உப்புப் போட்டுப் புளிக்கவைத்து இடித்த விழுது. நமக்கு ஊறுகாய் மாதிரி, பர்மியர்களுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது.

எழுபதுகளில் எங்கள் தெருவில் இப்படி ஒரு குடும்பம் இருந்தது. 'ரங்கூன் வீடு' என்றுதான் சொல்வோம். அந்த வீட்டுப் பாட்டி ஞாயிற்றுக்கிழமை மொஹிங்கா செய்வார். ஙப்பிக்குப் பதிலாக நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடித்துப் போடுவார். எலுமிச்சைப்புல்லுக்குப் பதில் எலுமிச்சை இலை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு கிண்ணம் வரும். நாங்கள் சப்புக்கொட்டிச் சாப்பிடுவோம். பாட்டி மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டு, "எல்லாம் போட்டாச்சு தம்பி, வாசனைதான் வரல" என்பார். ஒவ்வொரு முறையும் அதே பேச்சுதான்.

வீட்டில் செய்ததைத் தெருவுக்குக் கொண்டுவந்தது பர்மா பஜார். 1969-ல் பீச் ஸ்டேஷன் எதிரே ராஜாஜி சாலை ஓரம் அகதிகளுக்குக் கடை ஒதுக்கினார்கள். அதே வருஷம் அவர்களுக்கும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குமாக ஒரு கூட்டுறவு வங்கியும் ஏற்பட்டது. நாம் 'ரெப்கோ' என்று சொல்கிறோமே, அதன் முழுப் பெயரிலேயே 'ரீபேட்ரியேட்ஸ்' என்ற சொல் இருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து பீச் வண்டியில் ஏறிப் போய் டேப் ரிக்கார்டரும் வாட்சும் பேரம் பேசி வாங்காத அம்பத்தூர் எஸ்டேட்காரர்கள் குறைவு. பஜாரின் பின்பக்கத் தெருக்களில் அத்தோ வண்டிகள் நின்றன. வாடிக்கையாளரில் பர்மாவைப் பார்த்தவர்கள் கொஞ்சம், பார்க்காதவர்கள் நிறைய. அதற்கேற்ப பண்டமும் மாறியது. பர்மாவில் இதில் இறால் பொடியும் மீன் சாறும் சேரும். இங்கே பெரும்பாலான வண்டிகளில் புளித்தண்ணீர், மிளகாய்ப்பொடி, பூண்டு எண்ணெய், உப்பு. மொஹிங்காவின் மீன் கழன்றுபோய், அத்தோவுக்குத் துணையாக வெறும் வாழைத்தண்டு சூப் நின்றது. சைவக்காரரும் நின்று சாப்பிடலாம். அதனால்தான் ஆவடி வரைக்கும் வர முடிந்தது.

இதே கதைக்கு இன்னொரு கிளை உண்டு. தமிழ்நாட்டில் காலூன்ற முடியாத சிலர், வந்த வழியே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் எல்லை வரை போனார்கள். உள்ளே விடவில்லை. அங்கேயே மோரே என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் அம்மன் கோயிலும் இருக்கின்றன. எல்லைக்கு அப்பால் சில கிலோமீட்டரில் பர்மாவின் தமு சந்தை. எங்கள் தெருப் பாட்டி அங்கே இருந்திருந்தால் ஙப்பிக்காக ஏங்கியிருக்க மாட்டார்.

இப்போது நம் பக்கத்தையே பாருங்கள். பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது 1996-ல். 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. கூடவே கொரியாக்காரர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். அவர்களுக்கான ஹோட்டல், கொரிய மளிகைக் கடை எல்லாம் சென்னையில் வந்துவிட்டன. கிம்ச்சியும் மிளகாய் விழுதும் தேடிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் முருங்கைக்காய் ஐஸ் பெட்டியில் கிடைக்கிறது. சம்பளமும் விசாவும் உள்ளவன் பின்னாலேயே அவன் ஊர்ச் சாமான் கப்பலேறி வரும். எல்லாம் இழந்து வந்தவனுக்கு யார் கொண்டுவந்து தருவார்கள்? கிடைத்ததை வைத்துச் சமாளித்தான். அந்தச் சமாளிப்புக்குப் பெயர்தான் சென்னை அத்தோ.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். பர்மாவிலிருந்து சரக்கு வராமல் நின்றுவிடவில்லை. நாம் இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. 2021-ல் இரு நாடுகளும் செய்த ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை. நாம் காலையில் சாப்பிடும் இட்லியில் ஐராவதி மண் இருக்கலாம். ஙப்பி மட்டும்தான் வரவில்லை.

உங்கள் தெருவிலும் ஒரு ரங்கூன் வீடு இருந்திருக்கும். அந்த நாட்டில் சமைத்துச் சாப்பிட்ட கைகளில் இப்போது மிச்சம் இருப்பவை கொஞ்சம்தான். எண்பதைத் தாண்டிய அத்தையோ பெரியம்மாவோ இருந்தால், மொஹிங்காவுக்கு எதற்குப் பதில் எதைப் போட்டார்கள் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். உண்மையான பக்குவம் ரங்கூனில் யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். மாற்றிப் போட்ட பக்குவம் அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது.