கோகோ நிலத் தேர்வு: மண்ணும் மழையும்

கோகோ, மேல் அமேசான் காட்டில் பெரிய மரங்களின் நிழலில் தோன்றியது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 20 பாகைக்குள்தான் அது தோட்டப்பயிராகத் தேறும். ஆண்டுக்கு 1500 முதல் 2000 மில்லிமீட்டர் மழை, 18 முதல் 32 செல்சியஸ் வரை வெப்பம், 100 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் மாதங்கள் மூன்றுக்கு மேல் போகாமை ஆகியவை வேளாண் கையேடுகள் பொதுவாகச் சொல்லும் அளவுகள். இவற்றை வரைபடத்தில் ஏற்றி நிலத்தைக் குறித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பெய்த நீரை வறண்ட மாதங்கள் கழியும்வரை மண் பிடித்து வைத்திருக்குமா, அதே மண் அடைமழையில் வேரை மூச்சுமுட்ட விடாமல் நீரை வடித்துவிடுமா என்ற இரண்டையும் அந்த வரைபடம் சொல்லாது. மரம் நிலைப்பதும் பட்டுப்போவதும் பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தே அமைகின்றன.

கானா இதற்கு நல்ல சான்று. 1879இல் டெட்டே குவார்ஷி, பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொண்டுவந்த விதைகளை மாம்பொங்கில் நட்டார் என்பது அந்நாட்டுக் கோகோ வரலாற்றின் அறியப்பட்ட தொடக்கம். மழைதான் எல்லாம் என்றால், 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெறும் தென்மேற்குக் கரையோர ஆக்சிம் பகுதிதான் அங்கே முதலிடம் பிடித்திருக்க வேண்டும். மாறாக, அதைவிடக் குறைவாக மழை பெறும் அசாந்தி நிலங்களே பேர் பெற்றன. ஓயாத மழை கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அரித்துச் சென்றதால் கரையோர மண் கடும் அமிலத்தன்மை கொண்டது. கோகோவுக்கோ கார அமில நிலை 6 முதல் 7 வரை இருந்தால் நலம். கானாவின் மண் ஆய்வுக்கு அடித்தளமிட்ட சி. எப். சார்ட்டர், அதிகம் அரிக்கப்படாத காட்டு மண்ணை ஓக்ரோசால் என்றும் அரிக்கப்பட்ட அமில மண்ணை ஆக்சிசால் என்றும் பிரித்தார். ஈரம் மிகுந்தால் காய் கருகல் நோயும் பெருகும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே குன்றின் சரிவில்கூட நிலம் மாறும். அசாந்திப் பகுதியில் மேட்டில் சரளை கலந்த சிவந்த பெக்வாய் மண், இடையில் பழுப்பு மண், அடிவாரத்தில் மஞ்சள் பழுப்பு மண், ஓடைக்கரையில் சாம்பல் நிற ஓடா மண் என்று வரிசை இறங்கும். ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டினால் சங்கதி தெரியும்: சாம்பலும் துருவும் கலந்த திட்டுகள் மேலேயே தென்பட்டால் அங்கே நீர் தேங்குகிறது என்று பொருள், கெட்டிச் செம்பாறை தட்டினால் ஆணிவேருக்கு வழியில்லை. உணவு உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவினாலும், வறட்சியில் மரத்துக்குக் கைகொடுப்பது அடிமண் ஈரம்தான். ஆகவே 1700 மில்லிமீட்டர் மழையில் பொறுத்துக்கொள்ளத்தக்க சரளை மண், 1200 மில்லிமீட்டர் மழையில் ஆகாது. மண்ணுக்குத் தனி மதிப்பெண், மழைக்குத் தனி மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறை பிசகுவது இங்கேதான்.

உரமும் சுண்ணாம்பும் இட்டால் போதாதா என்று கேட்கலாம். சத்துக் குறையை உரம் தீர்க்கும், புளிப்பைச் சுண்ணாம்பு ஓரளவு தணிக்கும். ஆழமில்லாத மண்ணை எதுவும் ஆழமாக்காது. இதைவிட வலுவான மறுப்பு கானாவிலேயே உண்டு: 1980களுக்குப் பின் கோகோ விளைச்சலின் மையம், மழை மிகுந்த மேற்குப் பகுதிக்கே நகர்ந்தது. ஆனால் அந்த விளைச்சலில் பெரும்பங்கு, கரையோர ஆக்சிமை விட்டு விலகிய வடக்குச் செஃப்வி வட்டாரத்தினுடையது. அங்குள்ள மண்ணில் பெரும்பகுதி ஓக்ரோசால், ஆக்சிசால் ஆகிய இரு வகைக்கும் இடைப்பட்டது. புதிதாக வெட்டிய காட்டின் மட்கும் முதல் தலைமுறை மரங்களைத் தாங்கியது. அந்த மட்கு கரைந்தபின் மறுநடவு செய்யும்போதுதான் மண்ணின் உண்மையான தரம் வெளிப்படும். பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக விளைவதும் மழைக்கணக்கைப் பொய்யாக்குவதுபோல் தெரியும். உண்மையில் அங்கே கிணற்றுநீரும் சொட்டுநீர்ப் பாசனமும் தென்னையின் நிழலும் சேர்ந்து வறண்ட மாதங்களைக் கடத்திவிடுகின்றன. கிணறு வற்றினால் கோகோவும் தள்ளாடும்.

காட்டை அழித்துப் புதுமண் தேடும் வழியும் இப்போது குறுகிவிட்டது. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த கோகோவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் சந்தையை மறுக்க வகைசெய்கிறது. எனவே இனி நிலம் தேர்பவர் குழி தோண்ட வேண்டிய இடம், பெரும்பாலும் மட்குத் தீர்ந்த பழைய தோட்டமாகவே இருக்கும்.