ஒக்ஸ்போர்டின் கல்லூரிகளும் பொது நிதியும்

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற் கல்லூரிகள் தம்மைத் தாமே ஆள்வன என்பது அதன் பெருமைகளுள் ஒன்றாகப் பேசப்படுகின்றது. இச்சுயாட்சியின் பொருளாதார அடித்தளத்தை நோக்காது கல்லூரிகளின் ஒத்துழைப்பை விளங்கிக்கொள்ள முடியாதென்பது எமது கருத்து.

1264 இல் மேர்ட்டன் கல்லூரிக்கு அதன் நிறுவுநர் வழங்கியது விதிக்கோவை மட்டுமன்று, நிலமும் வழங்கினார். பின்வந்தவற்றுட் பலவும் நிலவுடைமை நிறுவனங்களாகவே வளர்ந்தன. குத்தகை கல்லூரியைச் சேர்ந்தது. பல்கலைக்கழகமோ ஒப்பளவில் வறியதாயிருந்தது. ஆய்வுகூடங்களும் பேராசிரியர் பதவிகளும் கைத்தொழிற் சமுதாயத்தின் தேவைகளான பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்முரண்பாடு கூர்மையடைந்தது. 1877 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கல்லூரிகள் தம் வருமானத்தில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகத்துக்குச் செலுத்த நேர்ந்தது. ஒத்துழைப்பு இங்கு நல்லெண்ணத்தாற் பிறந்ததன்று. பாராளுமன்றம் வற்புறுத்திப் பெற்றது. ஆனால் அதே காலத்தில் அமெரிக்கத் தானியம் வந்து குவிய ஆங்கில வேளாண்மை நலிந்தது, குத்தகை வீழ்ந்தது, எதிர்பார்த்த தொகை கிட்டவில்லை. நிலப்பிரபுத்துவத்தின் எச்சத்தை உலகச் சந்தை தாக்கியவாறு இது.

1966 இல் அறிக்கை வெளியிட்ட பிராங்ஸ் ஆணைக்குழு, பெரும்பான்மை முடிவாற் கல்லூரிகள் அனைத்தையும் கட்டுப்படுத்தவல்ல பேரவையொன்றை விதந்துரைத்தது. கல்லூரிகள் அதனை ஏற்கவில்லை. கலந்து பேசும் மாநாடொன்றே அமைந்தது. சுயாட்சி என்னும் சொல் இவ்விடத்துச் சொத்துரிமையின் மறுபெயராகவே ஒலிக்கின்றது. எனினும், செல்வக் கல்லூரிகள் செலுத்தும் பணத்தால் வறிய கல்லூரிகளின் மூலதனத்தை உயர்த்தும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனாற் பயனடைந்தவற்றுள், 1959 வரை முழுக் கல்லூரித் தகுதி மறுக்கப்பட்டிருந்த பெண்கள் கல்லூரிகளும் அடங்கும்.