துருக்கம்

துருக்கம் (பெயர்ச்சொல்): எளிதில் ஏற முடியாத மலையரண். ‘துர்’ (அரிய), ‘க’ (செல்லல்) என்னும் உறுப்புகளால் ஆன ‘துர்க’ என்ற வடசொல்லே இதன் மூலம். ‘சென்றடைய அரியது’ என்பது நேர்பொருள். தமிழில் ‘ர்க்’ என்ற மெய்ம்மயக்கத்தின் இடையே உகரம் புகுந்து ‘துருக்கம்’ ஆயிற்று. இனப்பெயரான ‘துருக்கர்’ வேறு சொல்.

தெலுங்கிலும் கன்னடத்திலும் இச்சொல் ஊர்ப்பெயர்களின் ஈறாக நிற்கிறது: இராயதுர்கம், சித்ரதுர்கா. ஆங்கிலேயர் இதை ‘ட்ரூக்’, ‘ட்ரக்’ என எழுதினர். நந்திதுர்கம் ‘நந்திட்ரூக்’ ஆனது, சங்ககிரி ‘சங்கரிட்ரக்’ ஆனது. மைலுக்கு ஓர் அங்குலம் (1:63,360) என்ற அளவில் வரைந்த பழைய நில அளவை வரைபடங்களில் இவ்வடிவங்களைக் காணலாம். நெருங்கிய சமஉயரக் கோடுகள் செங்குத்தான சரிவைக் காட்டும். பெயரின் பொருளை அக்கோடுகளே விளக்கிவிடும்.

சித்தூரின் மேற்கே, புங்கனூர் மாடுகளுக்குப் பெயர்பெற்ற வறண்ட மேட்டு நிலத்தில் ஆவுலபல்லி துர்கம் என்ற மலை உள்ளது. தெலுங்கில் ‘ஆவுல’ பசுக்களின், ‘பல்லெ’ சிற்றூர். ஆக, ‘பசுக்களின் ஊரை ஒட்டிய அரண்’. ‘ஆவு’ தமிழ் ‘ஆ’வின் இனச்சொல். மேய்ச்சலும் காவலும் ஒரே பெயரில் பதிந்துள்ளன.

‘கிரி’, ‘கொண்டா’ ஆகியவை மலையை மட்டும் குறிக்க, ‘துருக்கம்’ அதன் அருமையையும் அரணையும் சேர்த்துக் குறிக்கும்.