ரவுட்டரை எங்கே வைப்பது: ஹவாய்த் தீவுகளிலிருந்து மாடிப்படி வரை

வீட்டில் வைஃபை ரவுட்டரை எங்கே வைப்பது, கூடுதலாக ஒரு நோடு வாங்கினால் அதை எங்கே வைப்பது என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் வரும். நடு வீட்டில் வை, உயரத்தில் வை, மீன்தொட்டி பக்கத்தில் வைக்காதே. தப்பில்லை. ஆனால் இந்த அறிவுரைகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று தேடிப் போனபோது நான் 1970-க்குப் போய்ச் சேர்ந்தேன். அதுவும் ஹவாய்க்கு.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஓவாஹு தீவில், ஹொனலூலு பக்கத்து மனோவா வளாகத்தில் இருந்தது. கல்லூரிகளோ பல தீவுகளில் சிதறிக் கிடந்தன. இதையெல்லாம் தொலைபேசிக் கம்பி வழியாக இணைப்பது செலவு, தரமும் சுமார். அங்கே பேராசிரியராக இருந்த நார்மன் ஏப்ரம்சனும் அவருடைய குழுவும் ரேடியோவில் இணைக்கலாம் என்று இறங்கினார்கள். (அலைச்சறுக்கு ஆசைதான் அவரை ஹவாய்க்குக் கொண்டுவந்தது என்பார்கள். இது வரலாற்றுக்கு அவசியமில்லை, ஆனாலும் எனக்குப் பிடித்த தகவல்.) 1971 ஜூனில் அலோஹாநெட் வேலை செய்யத் தொடங்கியது.

அமைப்பு இதுதான். நடுவில் ஒரு நிலையம், பெயர் மெனஹுனே. ஹவாய்க் கதைகளில் ராத்திரியோடு ராத்திரியாகக் குளமும் கரையும் கட்டிவிட்டு மறைந்துபோகும் குள்ள மனிதர்கள் மெனஹுனே. ஆர்ப்பாநெட்டில் இதே வேலையைச் செய்த பெட்டிக்கு 'இம்ப்' என்று பெயர், அதாவது குட்டிச்சாத்தான். அதற்குப் பதில் சொல்வது போல வைத்த பெயர் இது. முனையங்கள் எல்லாம் 407.350 மெகாஹெர்ட்ஸில் மெனஹுனேவுக்கு அனுப்பும். மெனஹுனே 413.475 மெகாஹெர்ட்ஸில் எல்லாருக்கும் திருப்பிச் சொல்லும்.

சிக்கல் எங்கே? அனுப்பும் அலைவரிசை ஒன்று, அனுப்புகிறவர்கள் பலர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதல், இரண்டுமே பாழ். ஏப்ரம்சனின் தீர்வு கிட்டத்தட்ட அசட்டுத் துணிச்சல்: தோன்றும்போது அனுப்பு, 'கிடைத்தது' என்று பதில் வராவிட்டால் கொஞ்ச நேரம், எவ்வளவு என்று சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி காத்திருந்து, மறுபடி அனுப்பு. இந்த முறையில் அலைவரிசையின் நேரத்தில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும் என்று கணக்கு சொல்கிறது. 1972-இல் லாரி ராபர்ட்ஸ் நேரத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பச் சொன்னார். அது இரண்டு மடங்காகி 36.8 சதவீதம் ஆனது.

அனுப்பும் முன் காது கொடுத்துக் கேட்டால் என்ன? யாரும் பேசவில்லை என்றால் மட்டும் பேசலாமே! நியாயமான யோசனை. இன்றைய வைஃபையும் அடிப்படையில் அதைத்தான் செய்கிறது. 1975-இல் லெனர்ட் கிளைன்ராக், ஃபுவாட் டொபாகி இருவரும் இதை இரண்டு கட்டுரைகளாக எழுதினார்கள். முதல் கட்டுரை, கேட்டுவிட்டுப் பேசினால் எவ்வளவு லாபம் என்று காட்டியது. இரண்டாவது, அந்த லாபம் எப்போது காணாமல் போகும் என்று காட்டியது. என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது கட்டுரைதான் வீட்டு நெட்வொர்க் பற்றிய முதல் கட்டுரை, அவர்கள் வீட்டை நினைக்கவே இல்லை என்றாலும்.

அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'மறைந்த முனையம்'. திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். சமையலறையிலிருந்து பாட்டி குரல் கொடுக்கிறார், மாடியிலிருந்து பேரன் கூப்பிடுகிறான். தாத்தாவுக்கு இருவர் குரலும் கேட்கும். ஆனால் பாட்டிக்குப் பேரன் குரலோ, பேரனுக்குப் பாட்டி குரலோ கேட்காது. இருவரும் 'வீடு அமைதியாத்தானே இருக்கு' என்று நினைத்து ஒரே சமயத்தில் பேசுவார்கள். தாத்தாவுக்கு ஒன்றும் புரியாது. இருவரும் ஒழுங்காகக் கேட்டுவிட்டுத்தான் பேசினார்கள், ஆனாலும் மோதல். இதற்குக் கிளைன்ராக்கும் டொபாகியும் சொன்ன வழி, நடு நிலையம் யாரையாவது கேட்டுக்கொண்டிருக்கும்வரை தனி அலைவரிசையில் ஒரு 'பிஸி' ஒலி விட்டுக்கொண்டே இருப்பது. 1990-இல் ஃபில் கார்ன் என்ற அமெச்சூர் ரேடியோக்காரர் அனுமதி கேட்டு அனுப்பும் முறை ஒன்றைச் சொன்னார்: 'பேசலாமா?' என்று குட்டிச் செய்தி, 'பேசு' என்று குட்டிப் பதில், அந்தப் பதிலைக் கேட்ட மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அதே வகை ஏற்பாடு வைஃபை தரத்திலும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பது நேரச் செலவு.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம்மூர் வீடு இந்தக் கட்டுரைக்காகவே கட்டிய மாதிரி இருக்கும். அமெரிக்க வீடுகளில் உள்சுவர் பெரும்பாலும் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். நமக்கு செங்கல் சுவர், தளமோ கம்பி கட்டிப் போட்ட கான்க்ரீட். ரவுட்டர் கீழ்த்தளக் கூடத்தில் இருந்தால் அதற்கு மாடி லேப்டாப்பும் பின்கட்டு டிவியும் கேட்கும். லேப்டாப்புக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு தளமும் இரண்டு சுவரும். சிக்னல் கோடு முழுசா இருக்கு, ஆனா வீடியோ கால் திக்குது என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று, போன் பொதுவாக ரவுட்டரைவிட மெதுவாகப் பேசும். போனில் தெரியும் கோடு ரவுட்டரின் குரலைக் காட்டுகிறது. நம் குரல் அங்கே எப்படிக் கேட்கிறது என்பதை எந்தக் கோடும் காட்டுவதில்லை.

சரி, நடுவில் ஒரு நோடு வைத்தால்? இதுவும் பழைய கேள்விதான். 1973-இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான ஆர்ப்பா, பாக்கெட் ரேடியோ திட்டத்தைத் தொடங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள மலை முகடுகளில் ரிப்பீட்டர்களை வைத்தார்கள், ஒரு வேனில் ரேடியோவை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். 1976 ஆகஸ்டில் ரொஸாட்டீஸ் என்ற பீர்க்கடை வாசலில் அந்த வேனை நிறுத்தி, மர மேஜையில் முனையத்தை வைத்து, ரேடியோ வழியாக ஆர்ப்பாநெட்டுக்குச் செய்தி அனுப்பினார்கள். முகட்டைத் தேர்ந்தெடுத்த காரணம் எளிது: இரண்டு பக்கப் பள்ளத்தாக்கும் அங்கிருந்து தெரியும். ஆனால் எல்லாரையும் கேட்கும் முகடு, ஒருவரையொருவர் கேட்காத எல்லாருடைய மோதலையும் சேர்த்தே கேட்கும்.

வீட்டுக்குள் ரேடியோ வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது பல இடங்களில் எழுதப்பட்டதுதான். 1985-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், மைக்ரோவேவ் அடுப்பு போன்ற சாதனங்களுக்கு ஒதுக்கியிருந்த அலைவரிசைகளில் உரிமம் இல்லாமல் தகவல் அனுப்ப அனுமதித்தது. 1997-இல் 802.11 தரம், வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-இல் 802.11பி, 11 மெகாபிட். அதே ஆண்டு ஆப்பிள் ஏர்போர்ட் வெளியானது. இந்தியாவில் 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் உரிமத் தேவையிலிருந்து விடுபட்டது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமானது ரூஃப்நெட். 2000-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் கேம்பிரிட்ஜ் நகரில் தன்னார்வலர்களின் மொட்டை மாடிகளில் 802.11பி நோடுகளை வைத்தார்கள். சுமார் 4 சதுர கிலோமீட்டரில் 37 நோடுகள். எதை எங்கே வைப்பது என்று திட்டமே கிடையாது, யார் இடம் கொடுத்தார்களோ அங்கே. நோடுகளுக்கிடையே சராசரியாக நொடிக்கு 627 கிலோபிட் கிடைத்தது. அங்கே அவர்கள் கண்ட விஷயம்: குறைந்த தாவலில் போகும் பாதையைத் தேர்ந்தெடுத்தால் நெட்வொர்க் படுத்துவிடுகிறது. குறைந்த தாவல் என்றால் நீண்ட தாவல், நீண்ட தாவல் என்றால் பாதி தொலைந்துபோகும் தாவல். அதனால் தாவலை எண்ணாமல், ஒரு பாக்கெட் போய்ச்சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்று எண்ணினார்கள். 2003-இல் வெளியான இந்த அளவுகோலின் பெயர் ஈ.டி.எக்ஸ்.

கணக்கு எளிது. ஒரு இணைப்பில் போகும் பாக்கெட்டில் பாதி தொலைகிறது, திரும்பி வரும் ஒப்புகையிலும் பாதி தொலைகிறது என்று வைத்துக்கொள்வோம். அரையை அரையால் பெருக்கினால் கால். சராசரியாக நாலு முறை அனுப்ப வேண்டும். அதற்குப் பதில் நடுவில் ஒரு நோடு வைத்து இரண்டு நல்ல தாவலாகப் போனால் மொத்தம் இரண்டே முறை. இப்போது நம் வீட்டில் பெரும்பாலோர் செய்வதைப் பாருங்கள். சிக்னல் கிடைக்காத கடைசி அறைக்குள் நோடைக் கொண்டுபோய் வைக்கிறோம். கூடத்திலிருந்து அந்த அறைவரை அதே மோசமான நீண்ட தாவல் அப்படியே இருக்கிறது. அறைக்குள் உட்கார்ந்தால் போனில் கோடு மட்டும் முழுசா நிற்கும். அந்த நோடு பாதி வழியில், கூடத்து ரவுட்டரைத் தெளிவாகக் கேட்கிற இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால் நாலு நோடு வாங்கி நெருக்கமா வெச்சுட்டா? அதற்கும் பதில் எழுதப்பட்டுவிட்டது. 2000-இல் பியூஷ் குப்தாவும் பி.ஆர். குமாரும் வெளியிட்ட ஒரு கட்டுரை, ஒரே காற்றைப் பகிரும் நோடுகள் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கிக்கொண்டே போகும் என்று கணிதமாக நிரூபித்தது. (குமார் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்.) அவர்கள் பேசியது மிகப் பெரிய நெட்வொர்க்குகளை. வீட்டளவில் இது எளிமையாக வரும்: ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் அனுப்பும் நோடு, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் காற்றை இரண்டு தடவை பிடித்துக்கொள்கிறது. வேகம் பாதியாகும். அடுத்த தாவலில் மூன்றில் ஒரு பங்கு. 2016-க்குப் பிறகு பிரபலமான வீட்டு மெஷ் பெட்டிகளில் விலை கூடியவை, நோடுகள் தமக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ வைத்தது இதனால்தான். விளம்பரத்தில் இதைச் சொல்வதில்லை, 'இத்தனை சதுர அடி' என்றுதான் போடுகிறார்கள். கான்க்ரீட் தளத்துக்கு அந்தச் சதுர அடிக் கணக்கு பொருந்தாது.

எங்கள் வீட்டில் இதை வைத்து நான் போட்ட திட்டம் இது. ஃபைபர் கம்பி நுழைவது தெருப்பக்க ஜன்னல் ஓரத்தில். இணைப்பு கொடுக்க வந்தவர் பெட்டியை அங்கேயே ஆணியடித்துப் போனார், அவருக்கு அடுத்த வீடு காத்திருந்தது. அந்தப் பெட்டி அங்கேயே இருக்கட்டும், அதிலிருந்து ஒரு கேபிளைக் கூடத்தின் நடுச்சுவருக்கு இழுத்து ரவுட்டரை அங்கே வைத்தேன். மாடிக்கு நோடு வைக்கும் இடத்துக்காக போனில் ஒரு இலவசச் செயலியை வைத்துக்கொண்டு படிப்படியாக ஏறிப் பார்த்தேன். கூடத்தில் மைனஸ் 45. மாடிப்படி திரும்பும் இடத்தில் மைனஸ் 58. மாடி அறைக்குள் கதவைச் சாத்தினால் மைனஸ் 79. மாடிப்படி இருக்கும் இடத்தில்தான் தளத்தில் ஓட்டை இருக்கிறது, நம் வீடுகளில் ரேடியோ மேலே ஏற அதைவிட நல்ல வழி கிடையாது. அந்தத் திருப்பம்தான் எங்கள் வீட்டு முகடு. நோடு அங்கே போனது, அறைக் கதவு திறந்திருந்தால் மாடி முழுக்கப் போதும். 2020-இல் மூன்று பேர் ஒரே நேரத்தில் வகுப்பும் மீட்டிங்குமாக இருந்தபோது இது தாங்கியது.

பிறகு, தண்ணீர்க் குழாய் மாற்ற வெளிச்சுவரை உடைத்தபோது, அதோடு சேர்த்து ஒரு பிவிசி பைப்பும் மாடிவரை விடச் சொன்னேன். இப்போது அந்த நோடுக்கு கேட்-6 கேபிள் போகிறது. கீழ்ப்பெட்டி சேனல் 1, மேல்ப்பெட்டி சேனல் 11. கேபிள் வந்த பிறகு நோடு கூடத்தைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால் அதைத் திருப்பத்திலிருந்து எடுத்து மாடி அறைக்குள்ளேயே மாட்டியாயிற்று. மாடி லேப்டாப்பும் பின்கட்டு டிவியும் இனி ஒரே காற்றில் பேச வேண்டியதில்லை.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. பூச்சு வேலைக்கு முன்னால் எலக்ட்ரீஷியனிடம் கூடத்திலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு காலி பைப் தனியாகப் போடச் சொல்லுங்கள், மின்சார வயரோடு சேர்க்காமல். உள்ளே இழுவைக் கம்பி ஒன்றை விட்டு வைக்கச் சொல்லுங்கள். முனையில் சுவிட்ச் பாக்ஸ் உயரத்துக்குப் பதிலாக லிண்டல் உயரத்தில் ஒரு பெட்டி, பக்கத்திலேயே ஒரு ப்ளக் பாயிண்ட். அந்த ப்ளக் பாயிண்ட்டைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.