இருட்டில் மணி என்ன?

போன மாதம் ஊருக்குப் போகும்போது இரவுப் பேருந்தில் நடந்தது இது. சாப்பாட்டுக்கு நிறுத்திய ஓட்டலில், கண் கூசும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். நடத்துனர் விளக்கை அணைத்தார். மணி என்ன என்று கையைத் திருப்பினால், ஸ்மார்ட்வாட்ச் திரையில் சாம்பல் பூசினமாதிரி ஏதோ தெரிகிறது. 1-ஆ, 7-ஆ? கண்ணைச் சுருக்கிப் பார்த்தும் பிடிபடவில்லை. வெளிச்சத்தைக் கூட்டலாம் என்றால், அதைக் கூட்டும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்க்கவே வெளிச்சம் வேண்டும்!

கடைசியில் பக்கத்து சீட் பெரியவரிடம் கேட்டேன். அவர் கையில் முள் வைத்த சாதாரண வாட்ச். "பன்னெண்டே கால் தம்பி" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். முள்ளின் நுனி பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. "ரேடியம் வாட்ச்" என்றார் பெருமையாக.

நம் ஊரில் இருட்டில் மின்னுகிற எல்லாமே ரேடியம்தான். பைக் நம்பர் பிளேட்டில் ஒட்டுவது ரேடியம் ஸ்டிக்கர், ஆட்டோவின் பின்னால் பிள்ளைகள் பெயர் எழுதுவது ரேடியம் கட்டிங். உண்மையில் அந்த ஸ்டிக்கர்களில் துளி ரேடியம் கிடையாது. மேலே படும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் தாள், அவ்வளவே. அப்படியானால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? தேட ஆரம்பித்தேன். என் வாட்ச் மேல் இருந்த கோபம் கொஞ்ச நேரத்தில் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

காதால் மணி பார்த்த காலம்

மின்விளக்கு இல்லாத காலத்தில் நடுராத்திரி மணி பார்ப்பது பெரிய வேலை. நெருப்பு உண்டாக்கி, மெழுகுவர்த்தி ஏற்றி, கடிகாரத்தின் அருகே கொண்டுபோக வேண்டும். இதற்கு இங்கிலாந்துக்காரர்கள் கண்டுபிடித்த வழி, கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொள்வது! 1676 வாக்கில் எட்வர்ட் பார்லோ என்ற பாதிரியார் கடிகாரம் மணி அடிப்பதற்கு ஒரு புது அமைப்பைச் செய்தார். அதை வைத்து, வேண்டும்போது இழுத்தால் அப்போதைய மணியைத் திரும்ப அடித்துக் காட்டும் கடிகாரங்கள் வந்தன. பிறகு அதைப் பாக்கெட் வாட்சுக்குள் அடக்கும் போட்டி. பார்லோவும் டேனியல் குவேர் என்ற கடிகாரக்காரரும் காப்புரிமைக்காக மோதிக்கொண்டார்கள். 1687-ல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் முன்னால் இரண்டு வாட்சும் வைக்கப்பட்டன. பார்லோவின் வாட்சில் மணிக்கு ஒன்று, கால்மணிக்கு ஒன்று என்று இரண்டு பொத்தான். குவேரின் வாட்சில் ஒரே பொத்தான். மன்னர் குவேர் பக்கம் சாய்ந்தார். ஒரு பொத்தான் குறைவாக இருந்தால் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும் என்ற பாடம் அப்போதே இருந்திருக்கிறது :-)

ஆனால் இந்த வாட்சுகளைப் பணக்காரர்கள் மட்டுமே வாங்க முடிந்தது. எல்லார் கையிலும் இருட்டில் மணி தெரிய இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தானே ஒளிரும் பெயிண்ட்

1898-ல் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே அதை துத்தநாக சல்ஃபைடு என்ற பொடியோடு கலந்தால் கலவை தானே ஒளிரும் என்று தெரிந்துவிட்டது. ரேடியத்திலிருந்து ஓயாமல் துகள்கள் பாய்கின்றன. ஒவ்வொரு துகள் மோதும்போதும் அந்தப் பொடி மினுக்கென்று ஒளிர்கிறது. வெயிலில் காட்ட வேண்டாம், சாவி கொடுக்க வேண்டாம்.

முதல் உலகப் போர் இதற்குப் பெரிய சந்தையைத் திறந்தது. பதுங்குகுழியில் இருக்கும் சிப்பாய் தீக்குச்சி கிழித்து மணி பார்த்தால் எதிரி சுட்டுவிடுவான். அமெரிக்காவில் சபின் வான் சொச்சோக்கி என்ற மருத்துவர் இந்தப் பெயிண்டைத் தயாரித்தார். "அன்டார்க்" என்று அதற்குப் பெயர். அவர் பங்குதாரராக இருந்த நிறுவனம் 1917-ல் நியூஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்ச் நகரில் தொழிற்சாலை திறந்தது. பின்னாளில் அதன் பெயர் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன். டயலில் எண்களை வரைய ஆள் வேண்டும். சின்னச் சின்ன எண், நடுங்காத கை. வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பதின்வயதுப் பெண்கள். டயலுக்கு இவ்வளவு என்று கூலி.

பிரஷ்ஷின் முனை நாலு கோடு போட்டதும் விரிந்துவிடும். அதை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். உதட்டில் வை, பெயிண்டில் தோய், டயலில் வரை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. தண்ணீரில் கழுவலாமே என்றால், பெயிண்ட் வீணாகும். 1920 வாக்கில் ஒரு கிராம் ரேடியத்தின் விலை ஒரு லட்சம் டாலருக்கும் மேல். இது ஆபத்தா என்று கேட்ட பெண்களிடம் ஒன்றும் ஆகாது என்று சொன்னார்கள். அதே நிறுவனத்தின் வேதியியலாளர்கள் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, இடுக்கியால்தான் ரேடியத்தைத் தொட்டார்கள்.

பெண்கள் விளையாட்டாக நகத்திலும் பல்லிலும் அந்தப் பெயிண்டைப் பூசிக்கொண்டார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது அவர்களின் முடியும் உடையும் இருட்டில் மின்னும். கிரேஸ் ஃப்ரையர் என்ற பெண் மூக்கைச் சிந்திய கைக்குட்டைகூட ஒளிர்ந்ததாம்.

எலும்புக்குள் போனது

ரேடியம் வேதியியல் குணத்தில் கால்சியம் மாதிரி. உடம்பு அதைக் கால்சியம் என்று நம்பி எலும்பில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். அங்கே உட்கார்ந்துகொண்டு அது துகள்களை வீசிக்கொண்டே இருக்கும். முதலில் பல் வலி வரும். பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. பிறகு தாடை எலும்பே நொறுங்கும்.

மோலி மாஜியா 1922-ல் இறந்தபோது வயது 24. அவருடைய தாடை எலும்பைப் பல் மருத்துவர் கத்தியில்லாமல் விரலாலேயே எடுக்க முடிந்தது. இறப்புச் சான்றிதழில் எழுதப்பட்ட காரணம் சிபிலிஸ், அதாவது பால்வினை நோய். செத்த பிறகு பெயரையும் கெடுத்தார்கள்.

1924-ல் நிறுவனமே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் செசில் டிரிங்கரை அழைத்து ஆய்வு செய்யச் சொன்னது. ரேடியம்தான் காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஆனால் நிறுவனம் மாநிலத் தொழிலாளர் துறைக்கு அனுப்பியது அந்த அறிக்கையை மாற்றி எழுதிய வடிவம். பெண்கள் எல்லாரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதாக அதில் இருந்தது. ஆடிட்டிங் படிக்கிற எனக்கு இந்த இடம் வந்ததும் கொஞ்சம் நேரம் மேலே படிக்க முடியவில்லை. 1925-ல் ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அரசு மருத்துவர் சோதனை செய்து, பெண்களின் எலும்பில் ரேடியம் இருப்பதை உறுதியாக்கினார். 1927-ல் மோலியின் உடலைத் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள். சிபிலிஸுக்கான தடயம் இல்லை. எலும்பில் கதிர்வீச்சு இருந்தது.

பத்தாயிரம் டாலர் கணக்கு

கிரேஸ் ஃப்ரையருக்கு வக்கீல் கிடைக்கவே இரண்டு ஆண்டு ஆயிற்று. 1927-ல் ரேமண்ட் பெர்ரி என்ற இளம் வக்கீல் ஒத்துக்கொண்டார். கிரேஸ், கேத்தரின் ஷாப், எட்னா ஹஸ்மன், மோலியின் சகோதரிகள் குவின்டா மெக்டொனால்டு, அல்பினா லாரிஸ் என ஐந்து பேர். ஆளுக்கு 2,50,000 டாலர் கேட்டார்கள்.

நிறுவனம் பிடித்துக்கொண்டது காலவரம்புச் சட்டத்தை. பாதிப்பு நடந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டுமாம். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்துத்தான் நோயே தெரிகிறது! காரணம் தெரிந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று பெர்ரி வாதாடினார். 1928 ஜனவரியில் நீதிமன்றம் வந்தபோது உறுதிமொழி எடுக்கக் கையைத் தூக்கக்கூட அந்தப் பெண்களால் முடியவில்லை. ஏப்ரலில் வழக்கு செப்டம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. காரணம், நிறுவனத்தின் சாட்சிகள் சிலர் கோடை விடுமுறைக்கு ஐரோப்பா போகிறார்களாம். பத்திரிகைகள் கொதித்தன. நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் வால்டர் லிப்மன் கடுமையாக எழுதினார்.

ஜூன் மாதம் சமரசம் ஆயிற்று. ஆளுக்கு 10,000 டாலர், மருத்துவ, வழக்குச் செலவு, உயிரோடு இருக்கும்வரை ஆண்டுக்கு 600 டாலர். கேட்டதில் ரொக்கம் நான்கே சதவீதம். அந்த 600 டாலரைப் பாருங்கள். ஆயுள் முழுக்க ஆண்டுத்தொகை என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வாங்குகிறவர் எத்தனை ஆண்டு இருப்பார் என்பதுதான் அதன் மதிப்பு. குவின்டா 1929-ல் இறந்தார். கிரேஸும் கேத்தரினும் 1933-ல். கிரேஸுக்கு அந்த வகையில் போனது சுமார் 3,000 டாலர்தான். பெயிண்டைக் கண்டுபிடித்த சொச்சோக்கியும் 1928-லேயே கதிர்வீச்சு நோயால் இறந்திருந்தார்.

கதை அதோடு முடியவில்லை. இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊரில் ரேடியம் டயல் என்ற இன்னொரு நிறுவனம் இருந்தது. அது 1925-லிலும் 1928-லிலும் தன் தொழிலாளர்களுக்குப் பரிசோதனை செய்து, முடிவை அவர்களிடம் சொல்லவே இல்லை. எல்லாம் நலம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் மட்டும் கொடுத்தது. அங்கே வேலை பார்த்த கேத்தரின் டோனஹ்யூ 1938-ல் சாட்சி சொல்லும்போது மயங்கி விழுந்தார். மீதி விசாரணை அவர் வீட்டிலேயே, அவர் படுத்திருக்க நடந்தது. ஏப்ரலில் வென்றார். ஜூலையில் இறந்தார். நிறுவனம் மேல்முறையீடு மேல் மேல்முறையீடாகப் போய், 1939 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்திய பிறகுதான் ஓய்ந்தது.

இந்தப் பெண்களின் உடல்களிலிருந்து கிடைத்த அளவுகளை வைத்துத்தான் 1941-ல் மனித உடலில் எவ்வளவு ரேடியம் வரை இருக்கலாம் என்ற முதல் வரம்பு வகுக்கப்பட்டது: 0.1 மைக்ரோகிராம். அணுகுண்டுத் திட்டத்தில் புளூட்டோனியத்தைக் கையாண்டவர்களுக்கான பாதுகாப்பு விதிகளும் இந்த அனுபவத்திலிருந்து பிறந்தவையே.

பொத்தானை அமுக்கு

1960-களில் ரேடியத்துக்குப் பதில் டிரிடியம் வந்தது. அதன் கதிர் பலவீனமானது, வாட்ச் கண்ணாடியைத் தாண்டாது. ஆனால் பன்னிரண்டே சொச்சம் ஆண்டுகளில் பாதியாகிவிடும், வெளிச்சமும் கூடவே மங்கும்.

1972-ல் ஹாமில்டன் நிறுவனத்தின் பல்சர் வந்தது. சிவப்பு எல்இடி எண்கள், தங்க உறை, விலை 2,100 டாலர். இருட்டில் பிரமாதம். ஆனால் பேட்டரியைக் குடித்துவிடும் என்பதால் பொத்தானை அமுக்கினால்தான் மணி தெரியும். பிறகு வந்த எல்சிடி வாட்சுகள் பேட்டரியைச் சேமித்தன, ஆனால் இருட்டில் குருடு. ஓரத்தில் ஒரு குட்டி விளக்கு வைத்தார்கள். 1989-ல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ கட்டியவர்களுக்கு அந்த விளக்கின் லட்சணம் தெரியும். டயலின் இடது பக்கம் மட்டும் பச்சையாகத் தெரியும், மற்றதை நாமே யூகிக்க வேண்டும் :-)

1992-ல் டைமெக்ஸ் "இண்டிக்லோ" கொண்டுவந்தது. பொத்தானை அமுக்கினால் முழு டயலும் நீலப்பச்சையாக ஒளிரும். இதில் ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இந்த வகை ஒளித்தகட்டில் ஒளிர்வதும் அதே துத்தநாக சல்ஃபைடுதான். ரேடியம் செய்த வேலையை இங்கே மின்சாரம் செய்கிறது. டைமெக்ஸின் பூர்வீகமோ கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி கிளாக் கம்பெனி. 1920-களில் அங்கேயும் பெண்கள் ரேடியம் டயல் வரைந்தார்கள், அங்கேயும் இறந்தார்கள்.

1990-களில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கதிர்வீச்சே இல்லாத ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பூச்சைக் கொண்டுவந்தது. வெளிச்சத்தைக் குடித்துவைத்துக்கொண்டு, இருட்டில் சில மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

மறுபடியும் என் வாட்ச்

இன்றைய ஸ்மார்ட்வாட்ச் விளம்பரங்களில் பேசுவதெல்லாம் உச்ச வெளிச்சம். 2023-ல் வந்த ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 2 திரைக்கு 3,000 நிட்ஸ். இது வெயிலில் பார்க்கத்தான். இருட்டில் உள்ளே இருக்கும் ஒளி உணரி தலைகீழாக வேலை செய்கிறது. சுற்றுப்புறம் இருண்டதும் கண் கூசக் கூடாது, பேட்டரியும் தீரக் கூடாது என்று திரையை மங்கலாக்குகிறது. உணரிக்கு ஒரு நொடி போதும். நம் கண்ணுக்கு இருட்டு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ட்யூப்லைட்டிலிருந்து நேராக இருட்டுக்கு வந்தவன் அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்கிறான். பேருந்தில் எனக்கு நடந்தது அதுதான். இப்போது தானியங்கி வெளிச்சத்தை நிறுத்திவிட்டு நடுத்தர அளவில் வைத்திருக்கிறேன். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. தீரட்டும்.

சரி, பேருந்துப் பெரியவரின் வாட்ச் ரேடியமா? நிச்சயம் இல்லை. ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டு ஆகும், ஆனால் அது ஓயாமல் மோதும் துத்தநாக சல்ஃபைடு சில பத்தாண்டுகளில் செத்துவிடும். அதனால் நிஜமான பழைய ரேடியம் வாட்ச் இன்று இருட்டில் மின்னாது. எண்கள் பழுப்பேறி, சாதுவாகக் கிடக்கும். கதிர்வீச்சு மட்டும் அப்படியே இருக்கும்.

உங்கள் தாத்தாவின் பெட்டியில் 1960-களுக்கு முந்தைய, எண்கள் பழுப்பேறிய வாட்ச் ஏதாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள். ஆனால் பின்மூடியைத் திறக்காதீர்கள், எண்ணைச் சுரண்டிப் பார்க்காதீர்கள். அந்தப் பொடி மூச்சிலோ வாயிலோ போகக் கூடாது. அதை வரைந்த பெண் வேலையைத் தொடங்கிய நாளில் யாராவது அவளிடமும் இதைச் சொல்லியிருக்கலாம்.