பற்காரை நீக்கம்

பல்லின் மேலும் ஈறு விளிம்பின் அடியிலும் இறுகிப் படிந்த காரையையும் கறையையும் பல் மருத்துவர் கருவிகொண்டு எடுத்துவிடுவது பற்காரை நீக்கம். மருத்துவர்கள் இதை ‘ஸ்கேலிங்’ என்பார்கள். மக்கள் பேச்சில் ‘பல் கிளீனிங்’. ஈறு நோயைத் தடுக்கவும், நோய் வந்தபின் முதற்கட்டச் சிகிச்சையாகவும் செய்யப்படுகிறது. பல்லை வெண்மையாக்கும் ‘பிளீச்சிங்’ முற்றிலும் வேறு.

பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் பல்லின் மேல் பிசுபிசுப்பான படலமாகப் படியத் தொடங்கும். புதிதாகப் படிந்ததை பிரஷ்ஷே எடுத்துவிடும். விட்டுவைத்தால், உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் சேர்ந்து சில நாட்களில் கல்லாக இறுகும். இதுதான் காரை. பிறகு எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் வராது. கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கத்திலும் காரை அதிகம் சேரும். உமிழ்நீர் நாளங்கள் வாய்க்குள் திறப்பது அவற்றுக்கு அருகில்தான். ஈறைப் புண்ணாக்குவது முதன்மையாகப் படலத்திலுள்ள பாக்டீரியாக்களே. காரையின் சொரசொரப்பு அவை ஒட்டிக்கொள்ள நிலையான இடம் தருகிறது.

படலத்தின் பங்கைச் சோதனையால் நிறுவியவர் நார்வேயில் பிறந்த ஹரால்ட் லோ. டென்மார்க்கின் ஆர்ஹூஸில் அவர் குழு நடத்தி 1965இல் வெளியிட்ட ஆய்வில், 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஆறிவிட்டது.

ஆண்டுக்கணக்கில் சுத்தம் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை இலங்கை மலையகத்தில் கிடைத்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டுகள் லோவின் குழு திரும்பத் திரும்பப் பரிசோதித்தது. பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ அதுவரை அவர்களை எட்டியதில்லை. ஏறத்தாழ எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது, காரை மண்டியிருந்தது. ஆனாலும் நோய் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்கவில்லை. 8 விழுக்காட்டினருக்கு வேகமாகவும் 81 விழுக்காட்டினருக்கு மிதமாகவும் முற்றியது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது. நாற்பது வயதை நெருங்கும்போது, பல்லை எலும்போடு பிணைக்கும் பற்று சராசரியாக 4.5 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த நார்வேக்காரர்களுக்கோ 1.5 மில்லிமீட்டர்தான். ஈறு நோயின் இயல்பான போக்கு என்று இன்று பல் மருத்துவ மாணவர்கள் படிப்பதில் பெரும்பகுதி இவர்களின் வாயைப் பார்த்து அறிந்தது. பாடநூலில் வெறும் அட்டவணையாக மட்டும் இவர்கள் நிற்பது நியாயமில்லை.

காரை சுரண்டும் கருவிகள் பழமையானவை. அந்தலூசிய அறுவை மருத்துவர் அல் ஸஹ்ராவி சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவற்றை வரைந்து விளக்கியிருக்கிறார். இன்று பெரும்பாலும் அல்ட்ராசோனிக் கருவிதான். அதன் மெல்லிய முனை நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்ந்து காரையை உடைக்க, கூடவே பீய்ச்சும் நீர் முனையைக் குளிர்வித்துத் துகள்களை அடித்துச் செல்லும். ஈறுக்கு அடியில் எஞ்சியதை ‘க்யூரெட்’ என்ற கைக்கருவியால் வழித்தெடுப்பார்கள். நோய் முற்றி ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் ஆழமான பை உண்டாகியிருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு வேர்ப்பரப்பு வரை சுத்தம் செய்ய வேண்டும்.

‘கிளீனிங் செய்தால் பல் ஆடும், தேய்ந்துபோகும்’ என்ற பயம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. இதனால் பலர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுப் பல்லையே இழக்கிறார்கள் என்பதால் இதைத் தெளிவுபடுத்துவது அவசியம். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடும் பல்லுக்குச் சில சமயம் காரையே முட்டுக்கொடுத்து நிற்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. பல்லிடைச் சந்தும் அப்படித்தான்: ஈறு இறங்கிய இடத்தைக் காரை அடைத்திருந்தது. சில நாள் கூச்சம் வருவது இயல்பு, தானே அடங்கும். முறையாகச் செய்தால் எனாமலுக்குக் கேடில்லை.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 2018இல் வந்த, காக்ரேன் அமைப்பின் மருத்துவ ஆய்வு மதிப்பாய்வின்படி, தீவிர ஈறு நோய் இல்லாமல் பல் மருத்துவரிடம் ஒழுங்காகச் செல்பவர்களுக்கு, ஆறு மாதம் அல்லது ஆண்டுக்கொரு முறை ஸ்கேலிங் செய்வதால் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஈறின் நிலையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே கால அளவு வகுப்பது சரியல்ல. ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் ஆக்செல்சன், லிந்தே என்ற ஆய்வாளர்கள் 30 ஆண்டுகள் கண்காணித்தவர்கள் மிகக் குறைந்த பற்களையே இழந்தார்கள். மருத்துவரின் சுத்தத்தோடு, வீட்டில் எப்படித் துலக்குவது என்ற பயிற்சியும் அவர்களுக்குத் தொடர்ந்து கிடைத்தது. புகைப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் அடிக்கடி போக வேண்டியிருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு சிகிச்சை இரத்தச் சர்க்கரையையும் ஓரளவு குறைக்கிறது.

செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் ஸ்கேலிங்குக்கு முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டியிருக்கும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல் பல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கர்ப்பிணிகள் தயங்காமல் செய்துகொள்ளலாம்.